எண்ணாத மீன் யாருக்குச் சொந்தம்?

அந்தமானுக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "நாலு பக்கமும் கடல், ஆனால் சந்தைக்குப் போனால் சூரைக்கும் வஞ்சிரத்துக்கும் இந்த விலையா?" என்று தாய்மார்கள் அலுத்துக்கொள்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமானால் வேறு மூன்று கேள்விகளுக்கு முதலில் விடை தெரிய வேண்டும். இந்தக் கடலில் எத்தனை படகுகள் தொழில் செய்கின்றன? அவை எங்கே, எத்தனை நாள் மீன் பிடிக்கின்றன? பிடித்த மீன் எவ்வளவு?

போர்ட் பிளேர் ஜங்லிகாட் மீன் இறங்குதுறையில் நோட்டும் பென்சிலுமாக மீன் கணக்கெடுத்துப் பல ஆண்டுகளைக் கழித்தவன் நான். நம் ஊருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. படகுக் கணக்கு என்றால் ஏதோ சர்க்கார் சமாசாரம், நமக்கு அதில் என்ன வேலை என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். அப்படி ஒதுக்கிவிட முடியாது. மீன் வளம், கடல் மீதான உரிமை, கடலுக்குப் போனவரின் உயிர் ஆகிய மூன்றும் அந்தக் கணக்கில் அடங்கியிருக்கின்றன.

எவ்வளவு பெரிய கடல்?

1976-ஆம் ஆண்டின் கடல் மண்டலச் சட்டப்படி, கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நம் நாட்டின் ஆட்சிக்கு உட்பட்ட கடல். 200 கடல் மைல் வரை உள்ளது தனிப் பொருளாதார மண்டலம்; அதாவது அங்குள்ள மீனும் கனிமமும் நமக்கு உரியவை. ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சுற்றியுள்ள மண்டலம் மட்டும் ஏறத்தாழ 6 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் நிலப்பரப்பு 1.30 லட்சம் சதுர கிலோமீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். அதைப் போல நான்கு மடங்குக்கும் மேலான கடல் இது.

இந்தக் கடலுக்கு அண்டை வீட்டாரும் உண்டு. வடக்கே மியான்மரின் கோகோ தீவுகள், கிழக்கே தாய்லாந்து, தெற்கே இந்தோனேசியா. பெரிய நிக்கோபாரின் இந்திரா முனையிலிருந்து சுமத்ரா ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். சென்னையோ போர்ட் பிளேரிலிருந்து கிட்டத்தட்ட 1,190 கிலோமீட்டர். மலாக்கா நீரிணைக்குள் போகும் உலகக் கப்பல்கள் பெரிய நிக்கோபாரின் தெற்கே வரிசையாகச் செல்கின்றன. இத்தனை நடமாட்டத்துக்கு நடுவில்தான் நம் டிங்கிகளும், நிக்கோபார் மக்களின் ஹோடிகளும் மீன் பிடிக்கின்றன.

விலைக் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே கிடைக்கிறது. தமிழ்நாட்டுக் கரையைப் போல ஆழம் குறைந்த, அகன்ற கடலடி மேடை இங்கே இல்லை. கரையை விட்டுச் சிறிது தூரம் போனாலே கடல் சட்டென்று பல நூறு பாகம் இறங்கிவிடுகிறது. மீன் வளத்தின் பெரும்பகுதி ஆழ்கடலில் இருக்கிறது. நம் படகுகளில் பெரும்பாலானவையோ கரையோரம் போய்வரும் சிறிய படகுகள். போதாததற்குக் களவா போன்ற விலையுள்ள மீன்கள் ஐஸ் பெட்டியில் சென்னைக்குப் போய்விடுகின்றன.

கரையில் எண்ணும் முறை

கடலில் பிடித்த மீனைக் கரையில் எண்ணுவதுதான் பழைய முறை. 1947-இல் தொடங்கி, நம் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில் இயங்கி, 1971-இல் கொச்சிக்கு மாறிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இதற்கென ஒரு முறையை வகுத்தது. இந்தியாவின் பெருநிலக் கரை முழுவதும் அது இன்றும் பின்பற்றப்படுகிறது.

எல்லாத் துறையிலும் எல்லா நாளும் ஆள் நிறுத்த முடியாது. ஆகவே பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கதைதான். ஆனால் அந்த ஒரு சோற்றை நம் விருப்பத்துக்கு எடுக்கக் கூடாது. குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும். மாதத்தைப் பத்துப் பத்து நாளாகப் பிரித்துக்கொள்வார்கள். தேர்ந்தெடுத்த துறையில் கணக்காளர் முதல் நாள் நண்பகல் 12 மணியிலிருந்து மாலை 6 மணி வரையிலும், மறுநாள் காலை 6 மணியிலிருந்து நண்பகல் வரையிலும் இருப்பார். இடைப்பட்ட இரவில் வந்த படகுகளை விசாரித்து எழுதிக்கொள்வார். வந்த படகு 15 அல்லது அதற்குள் என்றால் எல்லாப் படகையும் எழுத வேண்டும். அதற்கு மேல் போனால் அவற்றிலும் மாதிரி எடுப்பார்கள். இந்தச் சிறு மாதிரிகளைப் பெருக்கித்தான் மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் மொத்தக் கணக்கு போடப்படுகிறது.

நம் தீவுகளில் இந்த வேலை மீன்வளத் துறையின் பொறுப்பு. இங்கே உள்ள சங்கடம் வேறு. பெருநிலத்தில் நூறு படகு ஒரே துறைமுகத்தில் வந்து சேரும். இங்கே டிக்லிபூர், மாயாபந்தர், ரங்கத், ஹட் பே, கேம்ப்பெல் பே என்று வடக்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டருக்குத் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. இரண்டு படகு மட்டும் வரும் சிற்றோடைக் கரைகள் ஏராளம். அங்கே இறங்கி, அங்கேயே கூறு போட்டு விற்று, அன்றைக்கே குழம்பாகிவிடும் மீனை எந்த நோட்டில் எழுதுவது? ஜங்லிகாட்டில் ஏலம் போகும் மீன் ஏட்டில் ஏறுகிறது. ஓடைக்கரையில் விற்ற மீன் பெரும்பாலும் ஏறுவதில்லை.

பிடித்ததும் பட்ட பாடும்

மீனின் எடை மட்டும் தெரிந்தால் போதாது. அதைப் பிடிக்கப் பட்ட பாடும் தெரிய வேண்டும். விஞ்ஞானிகள் இதை மீன்பிடி முயற்சி என்கிறார்கள். ஓர் எளிய உதாரணம் சொல்கிறேன். ஒரு படகு ஆயிரம் தூண்டில் போட்டு 20 சூரை பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடம் கழித்து அதே இடத்தில் அதே 20 சூரை பிடிக்க இரண்டாயிரம் தூண்டில் தேவைப்படுகிறது. மீனை மட்டும் எழுதியவர் "குறையொன்றும் இல்லை" என்பார். தூண்டிலையும் சேர்த்து எழுதியவருக்கோ நூறு தூண்டிலுக்கு 2 மீன் என்பது 1 மீனாக இறங்கியது தெரியும். வளம் குறைகிறது என்ற எச்சரிக்கை அந்த இரண்டாவது நோட்டில்தான் இருக்கிறது.

1946-இல் பம்பாயில் ஆழ்கடல் மீன்பிடி நிலையமாகத் தொடங்கிய இந்திய மீன்வள ஆய்வு நிறுவனம், நம் ஊரிலும் ஒரு தளம் வைத்திருக்கிறது. 'புளூ மார்லின்' என்ற அதன் ஆய்வுக் கப்பல், நீள்வரிசைத் தூண்டில் போட்டு இந்தக் கடலின் சூரையையும் சுறாவையும் பல ஆண்டுகள் கணக்கெடுத்திருக்கிறது. நம்மூரில் ஆயிரங்கால் தூண்டில் என்பார்களே, அதே வகைதான். நூறு தூண்டிலுக்கு எத்தனை மீன் என்பதே அதன் அளவுகோல்.

வானத்திலிருந்து பார்ப்பது

கரையில் நிற்பவருக்கு, படகு கடலில் எங்கே என்ன செய்தது என்பது தெரியாது. அதற்கு இப்போது வேறு கருவிகள் வந்துவிட்டன.

முதலாவது, தானியங்கி அடையாளக் கருவி. கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க ஏற்பட்டது இது. வெளிநாட்டுப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களில் 2004-ஆம் ஆண்டின் இறுதிக்குள் இது கட்டாயமாக்கப்பட்டது. ஓடும் கப்பல் சில விநாடிகளுக்கு ஒருமுறை தன் இடம், வேகம், திசை, ஒன்பது இலக்க அடையாள எண் ஆகியவற்றை வானொலியில் அறிவித்துக்கொண்டே இருக்கும். எண் 419 என்று தொடங்கினால் அது இந்தியக் கப்பல். இந்தச் செய்தியைக் கரையிலுள்ள கோபுரமும் கேட்கும். விண்ணில் உள்ள செயற்கைக்கோளும் கேட்கும்.

இந்தச் செய்திகளைத் தொடர்ந்து சேர்த்தால், படகு போன பாதை ஒரு கோலம் போலத் தெரியும். அந்தக் கோலத்தைக் கொண்டே தொழிலைச் சொல்லிவிடலாம். இழுவைப் படகு மூன்று நான்கு கடல் மைல் வேகத்தில் போவதும் வருவதுமாக உழும். ஆயிரங்கால் தூண்டில் கப்பல் நீண்ட கோடாக வேகமாகப் போட்டுக்கொண்டே போய், பிறகு மெதுவாக அதே வழியில் இழுத்துக்கொண்டு வரும். ஊர் திரும்பும் படகு நேராக ஓடும். இப்படி 2012 முதல் 2016 வரையிலான 2,200 கோடிச் செய்திகளைக் கணினிக்குக் கொடுத்துப் படிக்கவைத்தார்கள். 70,000-க்கும் மேற்பட்ட பெரிய மீன்பிடிக் கப்பல்களின் நடமாட்டம் தெரிந்தது. உலகக் கடற்பரப்பில் பாதிக்கு மேல் அவற்றின் தொழில் நடக்கிறது என்று 2018-இல் வெளியான ஆய்வு கூறியது.

ஆனால் இந்தக் கருவியை வேண்டாதபோது அணைத்துவிடலாம். சிறு படகில் அது இருப்பதும் இல்லை. அதனால் அடுத்த கருவியாக ராடார் செயற்கைக்கோள் வந்தது. இரவானாலும் மேகமானாலும் கடல் மேல் உள்ள இரும்புத் துண்டு ராடாருக்குப் புள்ளியாகத் தெரியும். கருவி காட்டிய படகுகளையும் ராடார் காட்டிய புள்ளிகளையும் ஒப்பிட்டு 2024-இல் மற்றோர் ஆய்வு வந்தது. உலகின் பெரிய மீன்பிடிக் கப்பல்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பொதுக் கண்காணிப்பில் இல்லவே இல்லை என்றது அது. அப்படி மறைந்திருப்பவற்றில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவையும், நாம் வாழும் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவையும் சுற்றி உள்ளது. இவை தவிர, விளக்குப் போட்டு மீன் பிடிக்கும் படகுகளின் வெளிச்சத்தை இரவில் படம் பிடிக்கும் செயற்கைக்கோளும் உண்டு.

நம் டிங்கிக்கு இரும்பும் இல்லை, பெரிய விளக்கும் இல்லை. வானத்துக் கண்ணுக்கும் அது படுவதில்லை.

அயலார் படகுகள்

நம் கடலில் திருட்டுத்தனமாக நுழைந்து கடல் அட்டை, சுறா முதலியவற்றை அள்ளிச் செல்லும் அயல்நாட்டுப் படகுகளைப் பற்றிப் பத்திரிகையில் அடிக்கடி படிக்கிறோம். இதைத் தடுக்கவே 1981-இல் அயல்நாட்டு மீன்பிடிப் படகுகள் பற்றிய சட்டம் வந்தது. கடல் அட்டையைப் பிடிப்பது 2001 முதல் யாருக்குமே தடை செய்யப்பட்டது. கடலோரக் காவல் படையின் கப்பல்களும் டோர்னியர் விமானங்களும் சுற்றிவருகின்றன. 2024 நவம்பரில் பாரன் தீவு அருகே மியான்மர் மீன்பிடிப் படகு ஒன்றின் நடமாட்டம் சந்தேகமாக இருப்பதை விமானத்திலிருந்து கவனித்தார்கள். அதை மடக்கியபோது உள்ளே இருந்தது மீன் அன்று. ஐந்து டன்னுக்கும் அதிகமான போதைப்பொருள்.

6 லட்சம் சதுர கிலோமீட்டரில் எந்தப் படகு அயலார் படகு என்று எப்படித் தெரியும்? நம் படகு எது என்று முதலில் தெரிந்தால்தான் தெரியும். 2008-இல் மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் குஜராத் மீன்பிடிப் படகு ஒன்றைக் கைப்பற்றி அதில்தான் வந்தார்கள். அதன் பிறகே படகுப் பதிவு, மீனவர் அடையாள அட்டை, மாநிலவாரியாகப் படகுக்கு வண்ணம் ஆகியவை தீவிரமாயின.

'மிச்சம்' என்ற சொல்

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். 1982-இல் உருவான ஐக்கிய நாடுகள் கடல் சட்டத்தை இந்தியா 1995-இல் ஏற்றது. தன் மண்டலத்தில் எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்பதைக் கரை நாடே முடிவு செய்யலாம் என்கிறது அது. கூடவே, அந்த அளவைப் பிடிக்கும் திறன் தனக்கு இல்லையென்றால், மிச்சத்தைப் பிறர் பிடிக்க ஒப்பந்தத்தின் மூலம் வழிவிட வேண்டும் என்றும் சொல்கிறது.

இந்த மிச்சம் எப்படி வருகிறது? பிடிக்கக்கூடிய அளவிலிருந்து ஏட்டில் ஏறிய அளவைக் கழித்தால் வருகிறது. நம் தீவுக் கடலில் பிடிக்கக்கூடியது 1.48 லட்சம் டன், அதில் சூரை வகைகள் 60,000 டன் என்று மத்திய அரசு மதிப்பிட்டிருக்கிறது. பிடிபடுவது இதில் சிறு பகுதியே. ஆகவே 'பயன்படாத வளம்' என்று சொல்லி 2024 நவம்பரில் ஸ்வராஜ் தீவில் முதலீட்டாளர் மாநாடும் நடந்தது. வளத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓடைக்கரையில் விற்ற மீன் ஏட்டில் ஏறாவிட்டால், அதுவும் இந்த மிச்சத்தில்தான் சேரும். நம்மவர் பிடித்துத் தின்றுவிட்ட மீனே, இன்னும் பிடிக்காத மீனாகக் கணக்கில் நிற்கும்.

இது வெறும் கற்பனைப் பயம் அன்று. 1991-இல் ஆழ்கடல் மீன்பிடிக் கொள்கை அயல்நாட்டுக் கூட்டு நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்தது. மீனவர்கள் நாடு முழுவதும் போராடினார்கள். முராரி குழு 1996-இல் அந்த அனுமதிகளை நிறுத்தச் சொன்னது. 2025 நவம்பரில் வந்த புதிய விதிகளில் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை. இயந்திரப் படகுகளுக்கும் பெரிய மோட்டார் படகுகளுக்கும் அனுமதிச் சீட்டு. பாரம்பரிய, சிறு மீனவர்களுக்கு அந்தச் சீட்டிலிருந்து விலக்கு. விலக்கு நல்லதுதான். ஆனால் சீட்டுக்கு விலக்கு என்றால் கணக்குக்கும் விலக்கு என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெளியுலகிலும் இதே கதைதான். சூரை மீன் பல நாட்டுக் கடலைக் கடந்து நீந்துவது. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தில் எந்த நாட்டுக்கு எவ்வளவு பங்கு என்று 2011 முதல் பேச்சு நடக்கிறது. 'கடந்த காலத்தில் பிடித்த அளவுக்கு ஏற்பப் பங்கு' என்பது தொலைவிலிருந்து வரும் பெரிய கப்பல் நாடுகளின் வாதம். அவர்களிடம் ஏடு இருக்கிறது. கரை நாட்டுச் சிறு மீனவரிடம் இருப்பது நினைவு மட்டும்தான்.

உயிர்க் கணக்கு

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலைத் தமிழர் யாரும் மறந்திருக்க முடியாது. குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் கரையிலிருந்து வெகு தூரத்தில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களில் பலரை எட்டவில்லை. எத்தனை படகு, எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்பதிலேயே அரசின் எண்ணிக்கையும் ஊர்க்காரர்களின் எண்ணிக்கையும் நாள்கணக்கில் ஒத்துப்போகவில்லை. காணாமல் போனவரைத் தேடுவதற்கு முன்னால், அவர் போனார் என்பதற்கே சாட்சி தேடவேண்டியதாயிற்று.

நம் தீவிலும் உதாரணம் உண்டு. 2019-இல் இங்குள்ள சிறு தீவொன்றிலிருந்து புறப்பட்ட படகு, புயலில் சிக்கி 28 நாள் மிதந்து ஒடிசாக் கரையில் ஒதுங்கியது. போன இருவரில் ஒருவர்தான் உயிரோடு கரை சேர்ந்தார்.

இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் படகின் அடையாளமும் இடமும் செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கும், அங்கிருந்து கடலோரக் காவல் படையின் மீட்பு மையத்துக்கும் போகும். நாட்டில் உள்ள மூன்று பெரிய மீட்பு மையங்களில் ஒன்று நம் போர்ட் பிளேரில்தான் இருக்கிறது. மற்றவை மும்பையும் சென்னையும். 2024-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி, "செய்தி கிடைத்தது" என்ற பதிலையும் படகுக்கே அனுப்புகிறது. புயல் எச்சரிக்கையைக் கைப்பேசியில் தாய்மொழியிலேயே படிக்கலாம். ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இலவசமாகத் தொடர்புக் கருவி பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டமும் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது.

மீனவரின் தயக்கம்

இதையெல்லாம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தொழில் செய்யும் ஒரு மூத்த மீனவரிடம் விளக்கினேன். அவர் கேட்டார்: "தம்பி, பத்து வருஷம் அலைஞ்சு கண்டுபிடிச்ச பாரு இது. பெட்டிய மாட்டி ஊருக்கே காட்டிக் குடுக்கச் சொல்லுதியா?"

"ஊருக்குக் காட்ட வேண்டாம் அண்ணாச்சி, உங்களைத் தேடி வருகிறவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்" என்றேன். அவர் சிரித்தார், முழுச் சம்மதம் இல்லை.

அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கடலடிப் பாறை இருக்கும் 'பார்' தான் மீனவரின் சொத்து. கரையில் தெரியும் மலையையும் மரத்தையும் நேர்கோட்டில் வைத்துக் குறித்துக்கொண்ட அந்த இடத்தைத் தகப்பன் மகனுக்கு மட்டுமே சொல்வார். ஆகவே கணக்குக் கொடுப்பவருக்குச் சில உத்தரவாதங்கள் வேண்டும். தனிப் படகின் இடம் வெளியே போகக் கூடாது. தொகுத்த கணக்கு மட்டுமே வெளிவர வேண்டும். கொடுத்த கணக்கின் முடிவு மீனவருக்கே அவர் மொழியில் திரும்பி வர வேண்டும். அபராதம் போடுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தினால் அடுத்த வருடம் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். இவற்றைக் கேட்டுப் பெறுவது நம் போன்ற சங்கங்களின் கடமை.

நாம் செய்யக்கூடியவை

படகு வைத்திருக்கும் குடும்பங்கள் ஒரு சாதாரணப் பள்ளி நோட்டில் ஏழு விவரம் எழுதிவந்தால் போதும்: தேதி, புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், போன திசை, வலையா தூண்டிலா, எவ்வளவு போட்டோம், எந்த மீன் எத்தனை கிலோ. விற்றதோடு வீட்டுக்கு எடுத்ததையும் எழுத வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் தினமும் இரவில் ஐந்து நிமிடத்தில் இதை எழுதிவிடலாம்.

படகுப் பதிவையும் அடையாள அட்டையையும் புதுப்பித்து வையுங்கள். 2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் காகிதமின்றிக் கைப்பேசிச் செயலி மூலம் நாடு முழுவதும் கடல் மீனவர் குடும்பக் கணக்கெடுப்பு நடந்தது. இனி எந்தக் கணக்காளர் வீட்டுக்கு வந்தாலும் "அப்புறம் வாங்க" என்று அனுப்பாதீர்கள்.

கடலுக்குப் போகுமுன் எந்தப் பக்கம் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும். குறித்த நேரம் தாண்டினால் கடலோரக் காவல் படைக்கு 1554 என்ற எண்ணில் சொல்லுங்கள். அந்த எண்ணை அடுப்படிச் சுவரில் எழுதிவையுங்கள்.

படகு இல்லாத நாமும் மீன் வாங்கும்போது, "எங்கே பிடித்தது?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்பவர் இருந்தால் சொல்பவரும் எழுதுபவரும் இருப்பார்கள்.

இந்த ஏழு விவரங்களுக்கும் கட்டம் போட்ட மாதிரி நோட்டுகளைச் சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். தொழில் செய்யும் குடும்பத்தார் தவறாமல் வந்து ஆளுக்கொன்று பெற்றுக்கொள்ளும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.